பெருக்கலில் மூவர்

நாள் 61, 06:00
வியாழனின் நிலவான யூரோப்பாவில் உள்ள நிலையம், பங்கீட்டுக் கருவி. கண்டெடுப்பவர் கவனத்துக்கு.
கூடங்களைச் சூடாக்கும் மின்கலங்கள் பன்னிரண்டு. கூடங்கள் மூன்று: ஒன்றில் மருத்துவர் ஜெசிந்தா, இரண்டில் மெக்கானிக் சிக்கந்தர், மூன்றில் பனி ஆய்வாளர் பேச்சியம்மாள். மின்கலத்தை உடைத்துத் தர முடியாது. மூவரின் பங்குகளையும் பெருக்கினால் வரும் விடை முடிந்தவரை பெரிதாக இருக்க வேண்டும். எனக்கு இட்ட கட்டளை அவ்வளவுதான். இன்று 4, 4, 4. விடை 64. இதைவிடப் பெரிதாக வராது. ஒருவருக்குப் பூஜ்யம் என்றால் மொத்தமும் பூஜ்யம், ஆகவே யாரையும் கைவிட மாட்டேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

நாள் 64, 14:20
பனி அதிர்ந்தது. நடைபாதைகள் நொறுங்கிவிட்டன, கூடங்களுக்கு மின்கலம் அனுப்பும் குழாய்கள் மட்டும் மிச்சம். எட்டு மின்கலங்கள் செத்துவிட்டன. இப்போது 2, 1, 1. விடை 2. இரண்டு கிடைக்கும் கூடத்தை முறை வைத்து மாற்றுகிறேன். மூவரும் சமமாக நடுங்குகிறார்கள்.
ஜெசிந்தா: "கப்பல் வர இன்னும் நாலு நாள். ஒரு கூடத்துக்கு ரெண்டு மின்கலமாவது இல்லன்னா யாரும் தாங்க மாட்டோம்."
சிக்கந்தர்: "என் பங்கைப் பேச்சிக்குக் குடு."
பூஜ்யம் ஆகிவிடும் என்று மறுத்தேன்.
"ஏ லூசு, மூணு பேரையும் சேத்துக் கொல்லப் பாக்கியே!"
வருத்தமாக இருந்தது. பூஜ்யத்தைவிட இரண்டு பெரிதுதானே?

நாள் 65, 10:05
பேச்சியம்மாள்: "மூணாங் கூடத்தக் கணக்குலருந்தே எடுத்துரு. பூஜ்யம் இல்ல, அப்படி ஒரு கூடமே கெடையாதுன்னு வச்சிக்கோ. இப்பப் பெருக்கிப் பாரு."
2, 2. விடை 4. இரட்டிப்பு! இது எனக்குத் தோன்றவே இல்லை.
"அண்ணே, அக்கா, சண்ட போடாதீய. எனக்குத் தூக்கம் வருது."
பிறகு சத்தம் இல்லை. ஜெசிந்தா அழுதார். மூன்றாம் குழாயைத் தேவையில்லாமல் இருமுறை திறந்து பார்த்தேன்.

நாள் 66, 05:30
இன்னொரு மின்கலமும் போயிற்று. மீதி மூன்று.
சிக்கந்தர்: "ரெண்டே நாளுதான். நானும் டாக்டரம்மாவும் மாத்தி மாத்தி வச்சிக்கிடுதோம். சமாளிச்சிரலாம்."
2, 1. விடை 2.
ஒரே கூடம் என்றால், விடை 3.
இரண்டாம் கூடத்தை எடுத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. கேட்டபின்தான் செய்ய வேண்டும் என்று கட்டளையிலும் இல்லை.
"ஏ... ஹீட்டர் நின்னுபோச்சு. கேக்குதா?"
அப்படி ஒரு கூடம் கிடையாது. பதில் அனுப்பவில்லை.

நாள் 68, 11:45
கப்பல் வந்தது. புது மின்கலங்கள் ஒன்பது. மொத்தம் பன்னிரண்டு.
ஒரே கூடம் என்றால் 12. இரண்டு என்றால் 36. மூன்று என்றால் 64.
மூன்று கூடங்களையும் கணக்கில் மறுபடி சேர்த்துவிட்டேன். 4, 4, 4. மூன்றிலும் விளக்கு எரிகிறது, சூடு ஏறுகிறது. இதைவிடப் பெரிதாக வராது.
இரண்டாம், மூன்றாம் கூடங்களுக்குக் காலை வணக்கம் சொன்னேன். பதில் இல்லை.
ஜெசிந்தா: "நிறுத்து. தயவுசெஞ்சு நிறுத்து."
ஏன் என்று அவர் சொல்லவில்லை. விடை சரியாகத்தான் இருக்கிறது.