பெட்டி விழுங்கிய பாட்டு நோட்டு

சத்தியவேடு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கேசியாவுக்கு நைனா எழுதுவது. என் கோணல் எழுத்தை முதலில் மன்னித்துவிடு, ஒரு வரி மேலே ஏறுகிறது, ஒரு வரி கீழே சரிகிறது, அறுபத்தொன்பது வயதில் பேனா பிடிக்கக் கற்றவன் கை இப்படித்தான் போகும். கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம், அயர்லாந்துக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நடந்ததைப் போனில் சொல்லியிருப்பேன், ஆனால் உன் அம்மா நடுவில் பிடுங்கிக்கொண்டு என்மேல் புகார் சொல்லுவாள், அதனால் எழுதுகிறேன்.

நீ டிவி பக்கத்தில் வைத்துவிட்டுப் போன சின்னப் பெட்டி நன்றாக வேலை செய்கிறது. நீ காட்டிக் கொடுத்த ஃபோல்டரில் எந்தப் புத்தகத்தைப் போட்டாலும் தானே எடுத்து, பெயர் கண்டுபிடித்து, அட்டைப் படம் போட்டு, டேப்லெட்டில் அடுக்கிவிடுகிறது. அந்தத் தைரியத்தில்தான் மாட்டிக்கொண்டேன். போன மாதம் பெய்த மழையில் ஓடு ஒழுகி உன் அம்மாவின் பாட்டு நோட்டு மை கரைந்து கூழாகிவிட்டது, சபைக்காக முப்பது வருஷமாக அவளே கட்டிய பாட்டுகள். நல்லவேளை, அதற்கு முன்பே ஜெராக்ஸ் கடை நரசிம்மன் ஸ்கேன் எடுத்து பென் டிரைவில் தந்திருந்தான். அதை நான் பெட்டிக்குள் நகர்த்தினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஃபோல்டர் காலி, பென் டிரைவும் காலி. நரசிம்மனிடம் ஓடினேன், அவன் எடுத்த ஸ்கேனை அன்றன்றைக்கே அழித்துவிடுவானாம். அடுத்த மாதம் அறுப்பின் பண்டிகையில் அந்தப் பாட்டுகளைத்தான் பாட வேண்டும். உன் அம்மா, இன்னாய்யா, மழை துன்னது போக மிச்சத்த உன் பெட்டி துன்னுடுச்சா என்று கேட்டவள், அப்புறம் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

பெட்டியில் அறுநூற்றுப் பன்னிரண்டு புத்தகம் இருக்கிறது. உள்ளே போனது உள்ளேதானே இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் திறந்து முதல் பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். மூன்றாம் நாள், கிளி படம் போட்ட மழலைப் பாட்டுப் புத்தகம் ஒன்றைத் திறந்தால் உள்ளே அம்மாவின் கையெழுத்து! நான் கத்திய கத்தலில் பால் காய்ச்சிக்கினு இருந்தவள் அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள், பால் பொங்கி அடுப்பெல்லாம் ஓடியது. நரசிம்மன் அதற்கு வெறுமனே பாட்டு என்று பெயர் வைத்திருக்கிறான், பெட்டி அதை நம்பி வேறு யாரோ எழுதிய புத்தகத்தின் அட்டையையும் அந்த ஆள் பெயரையும் போட்டுவிட்டது. பாட்டு கிடைத்த சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தவள் அந்தப் பெயரைப் பார்த்ததும், என் பாட்டுக்கு எவன்யா இவன் என்று ஒரே சண்டை. நான் அந்தப் பெயரை அழித்துவிட்டு, ஆசிரியர் என்ற இடத்தில் உன் அம்மா பெயரை, தபீதாள் என்று ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன்.

அதிர்ச்சி அத்தோடு முடியவில்லை மகளே. மறுநாள் காலையில் டேப்லெட்டைத் திறந்தால், தபீதாள் எழுதிய வேறு புத்தகங்கள் தேடப்படுகின்றன, இதுவரை கிடைக்கவில்லை என்று வந்திருக்கிறது. யார் பெயரைப் போட்டாலும் அவர்களுடைய மற்ற புத்தகத்தையும் அது தானே தேடப் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? உன் அம்மா அதை இரண்டு தடவை படித்தாள். நான் இன்னும் எழுதவே இல்லியே, அது எங்க போய்த் தேடும் என்றாள். பிறகு நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிவரச் சொன்னாள். இப்போது எனக்கு எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள், எட்டிப் பார்த்தால் திட்டுகிறாள்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. உள்ளே எடுக்கும் எதையும் அழிக்காமல் ஒரு பிரதி வைக்கும்படி அந்தப் பெட்டியை மாற்றிவை. ஆனால் அம்மா பெயருக்கு நேரே ஓடும் தேடலை மட்டும் நீ நிறுத்திவிடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவள் எத்தனை பக்கம் நிரப்பினாள் என்று பார்த்து எழுதுகிறேன்.

இப்படிக்கு உன் நைனா,
வேதநாயகம்