ஈரச் சாக்ஸும் முப்பது கிண்ணங்களும்

வாஜிமா, ஜனவரி 20

அன்புள்ள என்னவருக்கு,

இடுப்பு வலி தேவலையா? கூரைப் பனியைத் தனியாக வாரப் போகாதீர்கள். அரக்கு மரப்பால் பட்டு வீங்கிய என் முகம் வடிந்துவிட்டது.

பட்டறையில் முப்பது சூப்புக் கிண்ணங்களுக்குக் கடைசி அரக்குப் பூச்சை முதன்முறையாக என்னிடம் விட்டார்கள். பூசி அலமாரியில் அடுக்கியவள், பலகைகளில் தண்ணீர் தெளிக்க மறந்துவிட்டேன். ஈரக் காற்று பட்டால்தானே இந்த அரக்கு காயும்? சாயங்காலம் பார்த்தால் அப்படியே பிசுபிசுத்தது. இனித் தெளித்தால் பூச்சில் துளி பட்டுவிடும் என்று, துவைத்து வைத்திருந்த சாக்ஸை எல்லாம் சொட்டச் சொட்டக் கீழ்த்தட்டில் பரப்பினேன்.

காலையில் முதலாளி இசாவோ அலமாரிக் கதவைத் திறந்தார்.

“கிண்ணத்துக்குக் குளிருதாம்மா?”

“தண்ணி தெளிக்க மறந்துட்டேங்க. கிண்ணத்தைப் பாத்துட்டுத் திட்டுங்க.”

ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பினார்.

“கிண்ணம் காஞ்சிருச்சு, உன் சாக்ஸ்தான் காயல. அடுத்த அம்பதையும் நீயே பூசு.”

கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி அனுப்புங்கள். கூப்பிடுகிறார்கள், போக வேண்டும். ஒன்று மட்டும்: நம் ஜோடிக் கிண்ணங்களில் என்னுடையதைச் சும்மா வைத்துவிடாதீர்கள். புழங்காத அரக்கு வறண்டு வெடித்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் அதில் குடியுங்கள். சிறியது என்று சாக்குச் சொல்லாமல், இரண்டு தடவை ஊற்றிக்கொள்ளுங்கள்.

மிட்சுயோ