மலை விரிசலில் ஒட்டிய பட்டை

2024 ஜூன் 11, செவ்வாய்

ஐந்தாம் வகுப்புக்கு இன்று சீனிக்கட்டி மலை. தட்டில் சீனிக்கட்டிகளை அடுக்கி, மேலே களிமண் போர்த்தி, ஓர் ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டோம். வெளியே ஒன்றும் தெரியவில்லை. "மலை நல்லாத்தானே இருக்கு டீச்சர்," என்றான் கோகிலன். சற்று நேரத்தில் உச்சி பொத்தென்று உள்ளே இறங்கியது. ஒரே கும்மாளம். சுண்ணாம்புக்கல் மலையையும் மழை இப்படித்தான் உள்ளே தின்னும் என்றேன். நம்ம கோயில் மலையுமா என்று கேட்டார்கள். ஆமாம், வேறெந்த மலை?

ஜூன் 14

பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். அன்னதானக் கொட்டகைக்கு நேர் பின்னால் பாறையில் ஒரு விரிசல். ஈப்போவில் வாங்கிய பிளாஸ்டர் மாவைக் குழைத்து அதன் குறுக்கே பட்டை ஒட்டினோம். பாறை நகர்ந்தால் பட்டை உடையும். அவ்வளவுதான் சோதனை.

கொட்டகையில் சமைக்கும் இருளாயி அக்காவிடம் காவலை ஒப்படைத்தேன். "இது உடைஞ்சா இங்க நிக்காதீங்கக்கா. எனக்குப் போன் போடுங்க."

"உடையாத வரைக்கும் சமைக்கலாம்லா?"

சமைக்கலாம் என்றேன்.

ஜூலை 9

கொட்டகையை இடம் மாற்றச் சொல்லித் தர்மாவிடம் மறுபடி சண்டை. கோயில் செயலாளரைக் கட்டிக்கொண்டால் வீட்டிலும் மீட்டிங்தான். "ரப்பர் போச்சு, தோட்டம் போச்சு, கோயில் ஒண்ணுதான் மிச்சம். திருவிழா நேரத்துல இதக் கெளப்பாத புனிதா. பட்டை உடைஞ்சா மாத்துறேன், போதுமா?"

போதும்.

ஜூலை 21

கோயிலில் கோத்தோங் ரோயோங். ஊரே கூடிக் கூட்டிப் பெருக்கிச் சாயம் அடித்ததாம். எனக்குக் காய்ச்சல், போகவில்லை. தர்மா சட்டையெல்லாம் சிமெண்டு. ஊற வைத்திருக்கிறேன்.

ஜூலை 28, ஞாயிறு

திருவிழா நல்லபடியாக முடிந்தது. ஆளாளுக்கு என்னைப் பயந்தாங்கொள்ளி டீச்சர் என்றார்கள். பந்தியில் உட்கார்ந்தபடி பார்த்தேன். பாறை அடிவரை வெள்ளைச் சாயம். இருளாயி அக்கா எனக்கு இரண்டாம் முறை சாம்பார் ஊற்றினார். "பட்டை முழுசா இருக்கு டீச்சர். தெனமும் பாத்துட்டுத்தான் அடுப்பு மூட்டுறேன்."

ஆகஸ்ட் 6

இருளாயி அக்கா போய்விட்டார்.

ராத்திரி முழுக்க மழை. காலையில் அண்டா கழுவப் போனவர் மேல் பாறை விழுந்திருக்கிறது. கொட்டகையே இல்லை.

உடையலையே. தெனமும் பாத்தாங்களே — அப்புறம் எப்படி?

ஆகஸ்ட் 8

அடக்கம் முடிந்தது. குளிக்கும்போது அந்தச் சிமெண்டுச் சட்டை ஞாபகம் வந்தது. ஈரத் தலையோடு போய்த் தர்மாவிடம் கேட்டேன்.

"பட்டை அன்னிக்கே ரெண்டா கெடந்துச்சி," என்றார். "திருவிழா முடியட்டும், அப்புறம் மாத்தலாம்னு மேல பூசிட்டேன்."

தினமும் அக்கா பார்த்தது இவருடைய சிமெண்டை. நான்தானே சொன்னேன், உடையாத வரைக்கும் சமைக்கலாம்னு.

ஆகஸ்ட் 13

காலையில் தர்மா கதவருகே வந்து, "பிள்ளைங்ககிட்ட ஒண்ணும் சொல்லிடாத," என்றார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் பாடமே அறிவியல். கோகிலன் எழுந்து நின்றான். "நம்ம பட்டை உடையவே இல்லையே டீச்சர். நம்ம சோதனை தப்பா?"

சோதனை சரி, பட்டை உடைந்தது, மேலே பூசிவிட்டார்கள் என்றேன்.

"யாரு டீச்சர் பூசுனா?"

ஏற்கெனவே துடைத்த பலகையை மறுபடி துடைத்தேன்.

"எங்க வீட்டுக்காரர்."

மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. பள்ளி விட்டு வந்தபோது தர்மா வாசலில் நின்றிருந்தார். செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தது.