பதினொன்றரை மணியில் ஒரு ‘வள்’

ஜூன் 4, செவ்வாய்

மூன்றாவது தடவையும் திரும்பி வந்துவிட்டது. ஒலிப்பதிவுக் கூடத்துத் தம்பி போனில் பக்குவமாகத்தான் சொன்னான்: “அக்கா, குரல் பிரமாதம். ஆனா பதினொன்றரை மணியில ஒரு ‘வள்’ இருக்கு. பன்னிரண்டுல ரெண்டு. ரெண்டே கால்ல ஒரு கோஷ்டியே பாடுது.”

அந்தக் கோஷ்டியை எனக்குத் தெரியாதா! பக்கத்து வீட்டுச் செம்பட்டை நாய் எடுத்துக்கொடுக்கும், தெரு நாய்கள் நாலும் பின்பாட்டு. நான் துணி அலமாரிக்குள் கம்பளிகளுக்கு நடுவே உட்கார்ந்து, புழுங்கிச் செத்து, பேருந்து நிலைய அறிவிப்புகளைப் பதிவு செய்கிறேன். ஊர்ப் பெயர்கள் போன மாதமே முடிந்தன. நடைமேடை எண்களும் முடிந்தன. “பயணிகள் தங்கள் உடைமைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளவும்” ஒரே மூச்சில் வந்தது. மிச்சம் நேரங்கள்தான். காலை நாலரை மணி முதல் இரவு பதினொரு மணி வரை, கால் மணிக்கு ஒன்று, மொத்தம் எழுபத்தைந்து. இதில் கை வைத்தால் மட்டும் அந்த நாய்க்கு என்னதான் வந்துவிடுகிறதோ.

மாதக் கடைசிக்குள் தராவிட்டால் கம்ப்யூட்டர் குரலை வைத்துக்கொள்வார்களாம். பதினாறு வருஷம் “தாங்கள் அழைத்த எண்ணைச் சரிபார்க்கவும்” என்று சொல்லிப் பிழைத்தவள் நான். என் குரலைக் கேட்டதும் ஜனங்கள் திட்டிக்கொண்டே போனை வைப்பார்கள். முதல் தடவையாகக் காத்திருந்து, காதைத் தீட்டிக்கொண்டு கேட்கப்போகிறார்கள். இதைப் போய் ஒரு நாய்க்கு விட்டுக்கொடுப்பேனா?

வீடு மாறுவது என்று முடிவு.

ஜூன் 6, வியாழன்

இவரிடம் சொன்னேன். “நாயா? எந்த நாய்?” என்றார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மனிதர், கண் மட்டும் போதும் என்று நினைத்துவிட்டார் போல. காது அவருக்கு வேண்டியபோதுதான் கேட்கும்.

தரகர் வந்தார். சட்டைப் பையில் மூன்று போன், மூன்றும் ஒலிக்கின்றன. சத்தமில்லாத வீடு வேண்டும் என்று கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

“திடீர்னு காலி பண்ண வீட்டுக்காரர் ஒத்துப்பாரா?”

“அவருக்கென்ன, நான் சொன்னா சரின்னுடுவார்.”

“வாடகையக் குறைக்கக் கேட்டாக்கூடவா?”

பிறகுதான் புரிந்தது, அவர் கேட்டது வீட்டுச் சொந்தக்காரரை, நான் சொன்னது என் வீட்டுக்காரரை.

ஜூன் 8, சனி

இன்று மூன்று வீடு பார்த்தேன்.

ஒன்று: நல்ல வெளிச்சம். மாடியில் டிரம்ஸ் வகுப்பு. “சனிக்கிழமை மட்டும்தாங்க” என்றார் தரகர். கீழ்வீட்டுப் பெண் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, ‘இல்லை’ என்று தலையாட்டினாள். நல்ல மனசு.

இரண்டு: நிஜமாகவே அமைதி. ஏன் என்றால் எதிரே ஆம்புலன்ஸ் நிறுத்துமிடம், நாங்கள் போன நேரத்தில் வண்டிகள் எல்லாம் வெளியே போயிருந்தன. ஒவ்வொன்றாகத் திரும்பின.

மூன்று: வீட்டுச் சொந்தக்காரம்மா பேச ஆரம்பித்தார். அவர் நிறுத்தினால்தானே வீடு அமைதியா என்று தெரியும்? முக்கால் மணி நேரம் நின்றுவிட்டுக் கும்பிடு போட்டு வந்தேன்.

ஜூன் 10, திங்கள்

இன்றும் முயன்றேன். ஆறரை மணி — வள். ஆறே முக்கால் மணி — வள் வள். வெளியே வந்து ஜன்னலைத் திறந்தேன். பக்கத்து வீட்டுக்காரரும் அவர் ஜன்னலில் நின்றிருந்தார். முறைத்தார், நானும் முறைத்தேன்.

அவர் குடிவந்து மூன்று வாரம். ஏதோ பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்துகிறாராம். வந்த முதல் வாரமே, “உங்க நாய வாய மூடச் சொல்லுங்க!” என்றேன். என்ன சொன்னார் தெரியுமா? “நீங்க மூடினா அதுவும் மூடும்.” என்ன திமிர்! ஜன்னலை அறைந்து சாத்தியதுதான், அன்றோடு பேச்சு வார்த்தை இல்லை.

ஜூன் 13, வியாழன்

தொண்டை கட்டிவிட்டது. பேசவில்லை. நாயும் குரைக்கவில்லை. இவருக்கு மட்டும் பரம சந்தோஷம்.

ஜூன் 15, சனி

கிடைத்துவிட்டது! ஆறாவது மாடி, கோடி வீடு. நடு அறையில் நின்று கை தட்டிப் பார்த்தேன், பிறகு “ஏழே கால் மணி, ஏழரை மணி” என்று முழுக்குரலில் சொன்னேன். கீழே தெருவில் ஐந்து நாய்கள் மூட்டை போலப் படுத்திருந்தன. ஒன்றாவது காதை அசைக்க வேண்டுமே! படித்த நாய்கள். நாளை இவரோடு வந்து முன்பணம் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது? சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது.

கதவைத் திறந்தால், நடு அறையில் ஒருவர் கண்ணை மூடி, காதைச் சாய்த்து நிற்கிறார். பக்கத்து வீட்டுப் பிழைதிருத்துநர்!

தரகர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். “ரெண்டு பேருமே சத்தமில்லாத வீடு கேட்டீங்க. யார் முந்துறாங்களோ அவங்களுக்குன்னு சேர்த்தே வரச்சொல்லிட்டேன்.”

“உங்களுக்கு எதுக்குய்யா அமைதி? நாய வளர்த்து ஊருக்கே கேக்கக் குரைக்க விட்டுட்டு!” என்றேன். காலி அறை, எதிரொலி வேறு. நானே இரண்டு தடவை திட்டியது போல் ஆயிற்று.

அவர் என் பக்கம் திரும்பினார். “நான் வீடு தேடறதே உங்களாலதாம்மா. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் சுவத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்துகிட்டு, என் நாயப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வெறுப்பேத்தறீங்களே, அது உங்களுக்கு என்ன பாவம் பண்ணிச்சு?”

“நானா? உங்க நாய் பேரே எனக்குத் தெரியாது!”

“மணி!” என்றார்.

தரகர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “பதினொண்ணே கால்” என்றார்.

எனக்கு முதலில் உறைக்கவில்லை. பிறகு எனக்குள்ளே ஒவ்வொன்றாக ஓடியது — ஆறரை *மணி*, ஆறே முக்கால் *மணி*... நேரம் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று அந்தக் கடைசி வார்த்தையை அழுத்திச் சொல்கிறேன். சுவரைத் தாண்டி அது ஒன்றுதான் போயிருக்கிறது! என் வேலை என்ன என்று சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“சாப்பாடு வைக்கிறப்ப மட்டும்தாம்மா நான் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். அதுவும் மெதுவா. மத்த நேரமெல்லாம் ‘டேய்’தான்.”

அடக் கடவுளே. எழுபத்தைந்து தடவை சாப்பிடக் கூப்பிட்டு, எழுபத்தைந்து தடவையும் ஏமாற்றியிருக்கிறேன். நானாக இருந்தால் குரைத்திருக்க மாட்டேன், கடித்திருப்பேன்.

“நீங்க மூடினா அதுவும் மூடும்னு அன்னைக்கே சொன்னேனே” என்றார் பாவம். திமிர் இல்லையாம், தகவலாம்.

இவரோ இத்தனை நேரமும் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன விஷயம்?” என்றார்.

ஜூன் 18, செவ்வாய்

“‘மணி’ங்கற சொல்ல எடுத்துட்டா வாக்கியம் இன்னும் சுருக்கமாயிடும்” என்று சிவப்புப் பேனாவோடு வந்தார் பிழைதிருத்துநர். நிலையத்தில் ஒப்புக்கொண்ட வாசகம், மாற்ற முடியாது என்றேன். கண் கலங்கிவிட்டார்.

நாயை வெளியே கூட்டிப்போய்ப் பார்த்தார். தெருமுனையிலிருந்தே குரைத்தது. அவ்வளவு தெளிவான உச்சரிப்பு எனக்கு!

ஜூன் 20, வியாழன்

மணியை அலமாரிப் பக்கத்திலேயே உட்கார வைத்தோம். கூப்பிட்டும் வர முடியாததால்தானே கத்துகிறது? இங்கேயே இருந்தால்? வயிறு நிறையச் சாப்பாடு போட்டாயிற்று.

“காலை நாலரை மணி.” தலையைத் தூக்கியது. என்னைப் பார்த்தது. வந்தாச்சே, இன்னும் என்ன என்பது போல மறுபடி படுத்துக்கொண்டது. குரலே இல்லை! அது எடுத்துக்கொடுக்காததால் தெருக் கோஷ்டிக்கும் பாட்டு மறந்துவிட்டது. ஒரே உட்காரலில் எழுபத்தைந்தும் முடித்தேன்.

ஜூன் 21, வெள்ளி

ஒலிப்பதிவுக் கூடத்துத் தம்பியின் போன்: “அக்கா, நாய் போயிடுச்சு. ஆனா ஒவ்வொரு மணிக்கும் யாரோ கதவத் தட்டறாங்களே?”

வால்!

ஜூன் 22, சனி

அலமாரிக் கதவுக்கும் வாலுக்கும் நடுவில் இவர் தலையணை. எழுபத்தைந்தையும் மறுபடி சொன்னேன்.

ஜூன் 26, புதன்

ஏற்றுக்கொண்டார்கள். ஒரு ‘வள்’, ஒரு ‘டொக்’ இல்லை. குதித்தேன்.

தரகர் போன் செய்தார். “என் ரெண்டு கிராக்கியும் ஒரே நாள்ல போச்சு. நாய்க்காவது ஒரு வீடு பாக்கலாமா?” பார்க்க வேண்டாம், அது பாதி நாள் இங்கேதான் இருக்கிறது என்றேன். இவர் தலையணையும் இப்போது அதனுடையதுதான்.

ஜூலை 21, ஞாயிறு

மணிக்குத் தடுப்பூசி. மருத்துவமனை பேருந்து நிலையத்தைத் தாண்டி. பிழைதிருத்துநருக்கு முதுகுப் பிடிப்பு, நானே அழைத்துப்போனேன்.

நிலையத்துக்குள் நுழைந்ததும் தலைக்கு மேலே ஒலிபெருக்கி. “நடைமேடை மூன்றில்...” என் குரல்! பெஞ்சில் இருந்த ஓர் அம்மா பேசிக்கொண்டிருந்த மகளை “இரு” என்று அடக்கிவிட்டுக் காது கொடுத்தார். ஒரு கிழவர் நடையை நிறுத்தினார். யாரையாவது பிடித்து, அது நான்தான் என்று சொல்ல வேண்டும் போல் இருந்தது.

“...காலை பத்தே கால் *மணி*க்குப் புறப்படும்.”

அத்தனை பேரும் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார்கள். மணி மட்டும் திரும்பி என்னைப் பார்த்தது. வால் என் காலில் டப் டப் என்று அடித்தது.

கையில் இருந்த பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டேன். இந்தத் தடவை ஏமாற்றவில்லை.