வேர்களுக்கு ஈரச் சாக்கு

மகளுக்கு,

இல்லை, ஒரு வேர்கூட அறுபடவில்லை. கொல்லை மரம் நலம், அப்பா நலமில்லை, நீ நலமாகத்தான் இருப்பாய், வாரம் மூன்று தடவை மரத்தை விசாரிக்கத் தெம்பிருக்கிறதே. நீ சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தோம். அடிமரத்திலிருந்து நான்கு மீட்டருக்குள் குழாய்க்குப் பள்ளம் தோண்டும் இயந்திரம் வரக் கூடாது என்றாய், கயிறு பிடித்து வட்டம் போட்டேன், வட்டம் அப்பாவின் அறைக்குள் புகுந்து கட்டிலில் பாதியை எடுத்துக்கொண்டது. குழாய்க்காரர் சிரித்தார், "உங்க பொண்ணு கணக்குப்படி ஐயா கட்டில்லகூட கால் நீட்டக் கூடாதும்மா" என்றார். அப்பாவும் சிரித்தார். இயந்திரம் என்றால் இரண்டே நாள். கையால் தோண்டி, விரல் பருமன் வேரையும் விட்டுவைத்து, பெரிய வேர்களுக்கு அடியில் துளைபோட்டுக் குழாயைச் செருகப் பத்தொன்பது நாள் ஆனது.

அத்தனை நாளும் பள்ளம் திறந்தே கிடந்தது, அப்பாவின் அறைக்கும் கொல்லைக் கழிப்பறைக்கும் நடுவில். அவர் முழங்காலுக்காகத்தான் அறையை ஒட்டிப் புதுக் கழிப்பறை, அதற்காகத்தான் இந்தக் குழாய். உனக்கு மறந்திருக்கும். பள்ளத்தின் மேல் ஒரு பலகை. நான்தான் கைபிடித்துக் கூட்டிப்போவேன். பதினேழாம் நாள் மதியம் கூப்பிட்டார். வெளியே தெரியும் வேர் காயக் கூடாது, மேலே போட்ட சாக்கு எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும் என்றாயே, குடத்தோடு நின்றிருந்தேன். இதோ வரேன் என்றேன். இரண்டு சாக்கு பாக்கி. இரண்டையும் நனைத்தேன். திரும்பினால் பலகை மட்டும் இருந்தது.

தனியாகவே நடந்து பள்ளத்தில் விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு. இனி நடக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா உன்னிடம் மறைக்கச் சொன்னார், "புள்ள படிச்சதத்தானே சொன்னா, அவள ஒண்ணும் சொல்லாதடி" என்றார். அவர் நல்லவர். நான் சொல்கிறேன், நீயும் கொஞ்சம் தூங்காமல் இரு. சாக்கை நனைத்தது நீதானே அம்மா என்று பங்கு பிரிக்க வராதே. என் பங்கு எனக்குத் தெரியும், தினமும் என்னோடுதான் எழுந்திருக்கிறது.

கிளை நுனியில் துளிர் விட்டிருக்கிறது, கேட்டாயே, படம் இதோடு. அப்பாவின் படத்தை நீ கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. நீண்ட நாள் நன்றாக இரு, இதை மறக்காமல் இருக்கும் அளவுக்கு நீண்ட நாள். ஞாயிறு போன் செய்தால் முதலில் அவரைக் கேள்.

உன் அம்மா

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துபோய், பழைய பெட்டிகளைப் புதுக் கழிப்பறைக்குள் அடுக்கினேன்.