தங்கள் கோட்டின் முன்னிலையில் நிறைவேறிய தீர்மானம்

அனுப்புநர்:
சந்தைத் தெருத் தையற்கடைக்காரர்,
சுயாட்சி மன்றத்தின் ஐந்தாம் வட்டார உறுப்பினர்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
சிறுபான்மை மொழியினர் சுயாட்சி ஆணையகம்,
தலைநகரம்.

பொருள்: எங்கள் மருத்துவமனைக்கு மொழிபெயர்ப்பாளரை நியமித்த மன்றத் தீர்மானம் ரத்து செய்யப்பட்டதை விலக்கிக்கொண்டு, வரும் திங்கட்கிழமைக்குள் ஒப்புதல் ஆணை வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கோட் நலம். பூச்சி அரிக்காமல், மடிப்புக் கலையாமல் நானே பார்த்துக்கொள்கிறேன். இந்த நற்செய்தியை முதலில் தெரிவித்துவிட்டு மனுவுக்கு வருகிறேன்.

1. நாட்டில் எங்கள் மொழி பேசுவோர் சிறு தொகையினர் என்பதால், நாடாளுமன்றம் பெரிய மனது பண்ணி எங்களுக்குச் சுயாட்சி வழங்கியது. மன்றம் வந்தது, கட்டடம் வந்தது, வாசலில் கொடிக்கம்பமும் வந்தது. சந்தை, தெருவிளக்கு, நூலகம், மருத்துவமனைப் பணியாளர் நியமனம் ஆகியவற்றில் நாங்களே முடிவெடுக்கலாம். ஆனால் ஆணையர் முன்னிலையில் நடக்காத கூட்டம் எதுவும் செல்லாது என்கிறது ஒன்பதாம் பிரிவு. ஆட்டுக்கும் வாலை அளந்துதானே வைத்திருக்கிறது! தொழிலில் தையற்காரனான நான் அளவெடுத்தவரைக் குறை சொல்வது முறையாகாது.

2. திறப்பு விழாவன்று தாங்கள் எழுந்தருளி, எங்கள் காலில் நாங்களே நிற்க வேண்டிய அவசியம் பற்றி நெடுநேரம் பேசினீர்கள். கேட்டுக்கொண்டு நின்ற எங்களுக்குக் கால் கடுத்துவிட்டது. அன்று வெயில் கடுமை. தாங்கள் கோட்டைக் கழற்றி ஆணையர் நாற்காலியில் மாட்டிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, காரேறிப் போய்விட்டீர்கள். நல்ல துணி. தோள்தான் போட்டிருந்தவரைவிடச் சற்று அகலம். எடுத்துப்போக ஆள் வரும் என்றார்கள். கோட்டுக்கும் ஆள் வரவில்லை, அதற்குப்பின் கூட்டத்துக்குத் தாங்களும் வரவில்லை. தொலைபேசியில் கேட்டால், "சார் மீட்டிங்ல இருக்காரே" என்று தங்கள் அலுவலகத் தம்பி சொல்வார். எங்கள் மீட்டிங்கில் இல்லை என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

3. இப்படியே கூடிக் கூடிக் கலைந்து வெறுத்துப்போன ஒரு மாலையில், மன்றத் தலைவரான மருந்துக்கடை அம்மா எழுந்து நாற்காலியைக் காட்டி, "ஆளு வரலைன்னா என்ன? அவரு உடுப்பு வந்திருக்குல்ல? ஆரம்பிங்க" என்றார். ஆணையர் முன்னிலையில் கூட்டம் தொடங்கியதாகப் பதிவாயிற்று. சட்டம் இதை ஏற்குமா என்று சிலர் முணுமுணுத்தார்கள். கோட் மறுப்புத் தெரிவிக்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது ஐயா, குறுக்கே பேசாமல், கடிகாரம் பார்க்காமல், எங்கள் மொழியிலேயே எங்களைப் பேசவிட்ட ஆணையர் அது ஒன்றுதான்.

4. அந்த ஒரே கூட்டத்தில் நான்கு தீர்மானங்கள் நிறைவேறின. அமைச்சர் வருகைக்கு வரவேற்பு வளைவு கட்டுவது, மன்றத்தில் அவர் படம் மாட்டுவது, சந்தை முனைக்கு அவர் பெயர் சூட்டுவது ஆகிய மூன்றுக்கும் தங்கள் ஒப்புதல் பறந்து வந்தது. நாற்காலியில் இருந்தது உடம்பா உடுப்பா என்று தாங்கள் விசாரிக்கவில்லை. நான்காவது, மருத்துவமனைக்கு எங்கள் மொழியும் ஆட்சிமொழியும் அறிந்த மொழிபெயர்ப்பாளரை நியமிப்பது. அதற்கு மட்டும், ஆணையர் நேரில் வராததால் கூட்டமே செல்லாது என்று பதில் வந்தது. கூட்டமே செல்லாது என்றால் வளைவும் செல்லாதுதானே? ஏணி தயாராக இருக்கிறது. தாங்கள் ஒரு வரி எழுதினால் இன்றே இறக்கிவிடுகிறோம்.

5. இனி வருவதை எனக்குக் கேலியாக எழுத வரவில்லை.

என் மனைவிக்கு வெகுநாளாக அடிவயிற்றில் வலி. இங்குள்ள மருத்துவர்கள் தலைநகரிலிருந்து மாற்றலாகி வருபவர்கள், எங்கள் மொழி அறியாதவர்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு மருத்துவர் இவள் வயிற்றில் கைவைத்து ஏதோ கேட்டார், இவள் ஏதோ சொன்னாள், அவர் ஏதோ எழுதினார். உறவினர் மொழிபெயர்ப்பது விதிப்படி செல்லாதென்று என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறது, வந்தால் நிற்பதில்லை என்று இவள் உள்ளே சொன்னதற்கு, வயிற்று எரிச்சல் மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அதைத்தான் ஆறு மாதம் குடித்தாள். இப்போது கருப்பையில் கட்டி பெரிதாகிவிட்டது. திங்கட்கிழமை அறுவைச் சிகிச்சை.

சம்மதப் படிவம் முழுவதும் ஆட்சிமொழியில் இருக்கிறது. நான் படித்துச் சொன்னேன். அவள் அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, "நீங்க சொல்றது நீங்க சொல்றது. எதை எடுக்கப் போறாங்க, எதை விடப் போறாங்கன்னு டாக்டர் எனக்குப் புரியற மாதிரி சொல்லணும். நான் கேக்கறதுக்கு அவர் பதில் சொல்லணும். அப்புறம்தான் கையெழுத்து" என்றாள். கெஞ்சினேன். கத்தினேன். அதற்கு அவள், "உங்க மன்றம் மாதிரி நானும் எவன் முன்னாடியோ தலையாட்டிட்டுப் படுத்துக்கணுமா?" என்றாள். கடையைச் சாத்திக்கொண்டு அழுதேன் ஐயா. கையெழுத்தில்லாமல் கத்தி வைக்க முடியாது, தள்ளிப்போட்டால் ஆபத்து என்கிறார் மருத்துவர்.

6. மொழிபெயர்ப்பாளராக நாங்கள் தேர்ந்தெடுத்த பெண், பேருந்து நிலைய டிக்கெட்காரரின் மகள், பயிற்சி பெற்ற செவிலி. அவருக்குச் சம்பளமும் மன்ற நிதியிலிருந்தே போகும், தங்களிடம் கேட்கவில்லை. இருந்தும் அவர் மருத்துவமனை வாசலோடு திருப்பி அனுப்பப்படுகிறார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது பழமொழி. இதில் பூசாரி யாரென்று தங்களுக்கே விளங்கும்.

7. ஆகவே, சனிக்கிழமை கூட்டத்திற்குத் தாங்கள் நேரில் வந்து ஒரு நாழிகை உட்கார வேண்டும். அதற்கு நேரமில்லையெனில், வளைவுக்கு இட்ட அதே கையெழுத்தை இந்த நியமனத்துக்கும் இட வேண்டும். ஒன்பதாம் பிரிவு எங்கள் மன்றத்தைக் கட்டுப்படுத்தும். என் மனைவியை அது கட்டுப்படுத்தாது. அவள் உடம்பில் எது நடந்தாலும் அவளுக்குத் தெரிந்து, அவள் சரி என்று சொல்லித்தான் நடக்கும் என்கிறாள். அவளோடு இனிமேல் வாதாட என்னால் ஆகாது, தங்களோடுதான் வாதாட முடியும்.

திங்கட்கிழமை காலை அவள் கட்டிலருகே எங்கள் மொழி தெரிந்த ஒருவர் நின்றாக வேண்டும். இல்லையென்றால் அவள் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, கட்டியோடு வீட்டுக்கு வந்துவிடுவாள். மிரட்டுவதாக எண்ண வேண்டாம். அவளோடு இத்தனை வருடம் வாழ்ந்தவன் சொல்கிறேன், வந்துவிடுவாள்.

தங்கள் பதிலுக்காக மருத்துவமனைத் தாழ்வாரத்தில் காத்திருக்கும்,

(ஒப்பம்)
தையற்கடைக்காரர்,
ஐந்தாம் வட்டார உறுப்பினர்.

இடம்: பெண்கள் பிரிவு வாசல்
நாள்: புதன்கிழமை