சன்னமான படிகள்

மார்ச் 9, ஞாயிறு. மேற்கு மாம்பலம்.

ஆம்ப்ளிஃபையருக்கு நானே செய்த வால்யூம் குமிழை இன்று மாலை பொருத்தினேன். திருகினால் டக், டக்கென்று படிப்படியாகச் சத்தம் ஏற வேண்டும். பாதிக்கு மேல் திருகியும் பாட்டு முணுமுணுப்பாகவே இருந்தது. ரெசிஸ்டரை மாற்றிப் பற்றவைத்துவிட்டேனோ என்று பார்த்தேன். இல்லை. பக்கத்து அறையில் மனைவி கமலா தூங்குகிறாள் என்ற நினைப்பிலேயே பாதிக்கு மேற்பட்ட படிகளைச் சன்னமாகக் கணக்குப் போட்டிருக்கிறேன். அவள் போன வருடமே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஆத்திரத்தில் கடைசிவரை திருகினேன். யாராவது சண்டைக்காவது வரட்டும் என்றிருந்தது. எதிர்வீட்டுப் பெண் மணியடித்தாள்.

"சத்தம் ஜாஸ்தியாம்மா?"

"எங்க கதவத் திறந்தப்புறம்தான் கேட்டுது அங்கிள். ஏசி போட்டு சாத்தியிருந்தோம். உங்க வீட்ல தண்ணி வருதா?"

வருகிறது என்றேன். அவள் போனதும் குமிழை இரண்டாவது படிக்கு இறக்கினேன். ஸ்பீக்கரோடு ஒட்டி உட்கார்ந்தால், கமலா தூங்கும்போது கேட்ட மாதிரியே, அங்கே ரொம்ப நன்றாகக் கேட்கிறது.